ஜன்னலுக்கு என்ன மறைப்பு? புதுப்பித்த பாத்ரூம் பற்றி வாசகர் கேள்விகள்

டைல்ஸ் ஒட்டி, குழாய் மாட்டி, கொத்தனார் கணக்கு முடித்துவிட்டுப் போன பிறகு வருகிற சந்தேகங்கள்தான் இந்த முறை வந்த கடிதங்களில் அதிகம். அவற்றிலிருந்து சில.

பழைய பாத்ரூமை இடித்துப் புதிதாகக் கட்டிவிட்டோம். வென்டிலேட்டர் மட்டும் பழையதுதான்: இரண்டடி அகலம், ஒன்றரை அடி உயரம், சாதாரண லூவர்ஸ் கண்ணாடி. எதிர் வீட்டுப் பால்கனி பத்தடி தூரத்தில் இருக்கிறது. இரவில் லைட் போட்டுக் குளிக்கவே கூச்சமாக இருக்கிறது. கடைக்காரர் மிரர் ஃபிலிம் ஒட்டச் சொல்கிறார். என் கணவர் திரைத்துணி போதும் என்கிறார். எது சரி?
வாசகி, தாம்பரம்

இரண்டுமே வேண்டாம். மிரர் ஃபிலிம் பகலில் மட்டும்தான் வேலை செய்யும். வெளிச்சம் எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கத்தில் நிற்பவருக்கு அது கண்ணாடி. இருட்டில் நிற்பவருக்கு அது வெறும் ஜன்னல். இரவில் நீங்கள் லைட் போட்டதும் கதை தலைகீழாகிவிடும். எதிர் வீட்டுக்காரருக்கு உங்கள் பாத்ரூம் தெரியும், உங்களுக்கு உங்கள் முகம் தெரியும். துணி போட்டால் பார்வை மறையும், கூடவே காற்றும் மறையும். பாத்ரூம் ஜன்னல் முதலில் ஈரம் வெளியேறுவதற்கு. மறைக்க வேண்டியது கண்ணாடியை, திறப்பை அல்ல.

உங்கள் பிரச்சினைக்கு இரண்டு பகுதி. ஒன்று, கண்ணாடி வழியாகத் தெரிவது. இன்னொன்று, லூவர்ஸின் கண்ணாடிப் பட்டைகளுக்கு இடையே தெரிவது.

முதலாவதற்கு, பட்டைகளையே மாற்றிவிடுவது நல்லது. லூவர்ஸ் பட்டைகள் இரண்டு பக்கமும் அலுமினிய கிளிப்பில் செருகி நிற்பவைதான். கிளிப்பின் முனையில் மடிந்திருக்கும் நாக்கை இடுக்கியால் மெல்ல நிமிர்த்தினால் பட்டை உருவி வந்துவிடும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கழற்றிய ஒரு பட்டையை அப்படியே கண்ணாடிக் கடைக்குக் கொண்டுபோய், அதே நீள அகலத்தில், அதே கனத்தில் பின்ஹெட் கண்ணாடி (ஒரு பக்கம் சிறு புள்ளிகளாகச் சொரசொரப்பாக இருக்கும் மறைப்புக் கண்ணாடி) வெட்டி, ஓரம் தேய்த்துத் தரச் சொல்லுங்கள். கனம் மாறினால் கிளிப்பில் ஆடும், இல்லையென்றால் நுழையாது. மாட்டும்போது வழவழப்பான பக்கம் உள்ளே இருக்கட்டும். சொரசொரப்பு உள்ளே இருந்தால் சோப்பு அழுக்கு குழிகளில் உட்கார்ந்துகொள்ளும்.

மணல் ஊதிய கண்ணாடியைக் கடையில் காட்டினால், ஈர விரலால் அதன் சொரசொரப்பான பக்கத்தில் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். அந்தக் கோடு மட்டும் தெளிந்து, மறுபக்கம் தெரியும். அந்தப் பக்கத்தில் தண்ணீர் பட்டால் அதன் மறைப்பு போய்விடும் என்பதற்கு அதுவே அத்தாட்சி.

மாற்ற மனமில்லையென்றால் ஃப்ராஸ்டட் ஃபிலிம், அதாவது பனி படர்ந்ததுபோல் மங்கலான ஃபிலிம், ஒட்டலாம். அது இரவு பகல் இரண்டிலும் மறைக்கும். பட்டையைக் கழற்றி மேசையில் வைத்து, ஒரு லிட்டர் தண்ணீரில் மூன்று நான்கு சொட்டு பாத்திரம் தேய்க்கும் திரவம் கலந்து கண்ணாடி மேல் தாராளமாகத் தெளித்து, ஃபிலிமை அதன் மேல் மிதக்கவிட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்கு ரப்பர் துடைப்பானால் தள்ளுங்கள். நான்கு ஓரத்திலும் 2 முதல் 3 மில்லிமீட்டர் விட்டு வெட்ட வேண்டும். விளிம்பு வரை ஒட்டினால் கிளிப் அதைப் பிடித்து இழுக்கும். மூலையில் தொடங்கும் உரிசல் அங்கிருந்துதான் வரும்.

இனி இடைவெளி. பெரும்பாலான லூவர்ஸில் பட்டை 4 அங்குலம், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் சுமார் 3.5 அங்குலம். நாம் வழக்கமாகப் பாதி திறக்கிறோம், அதாவது 45 டிகிரி. அந்த நிலையில் பட்டையின் உயரம் 2.8 அங்குலத்தைத்தான் மறைக்கும். நேர்மட்டத்தில் பார்ப்பவருக்கு ஒவ்வொரு பட்டைக்கும் அரை அங்குலத்துக்கு மேல் கீற்று தெரியும். முழுக்க மூடிய நிலையிலிருந்து மூன்றில் ஒரு பங்கு மட்டும் திறந்தால் அந்தக் கீற்று ஏறக்குறைய இல்லாமல் போகும். காற்றுக்கு மட்டும் பட்டைகளுக்கு நடுவே ஒன்றரை அங்குலத்துக்கு மேல் வழி இருக்கும். வெளி விளிம்பு தாழ்ந்தே இருக்க வேண்டும். அப்போதுதான் எதிர் வீட்டு மாடிக்கும் தெரியாது, மழைச்சாரலும் உள்ளே வராது. கீழே தெருவிலிருந்து நிமிர்ந்து பார்ப்பவருக்கு உங்கள் சீலிங் தெரியும், அவ்வளவுதான்.

எங்கள் பாத்ரூமில் 3 அடிக்கு 4 அடி ஸ்லைடிங் யூபிவிசி ஜன்னல். ஷவருக்கு எதிரே இருக்கிறது. மூங்கில் பிளைண்ட் போட்டால் அழகாக இருக்கும் என்று மகள் சொல்கிறாள்.
வாசகர், கோயம்புத்தூர்

வரவேற்பறைக்குப் போடுங்கள். மூங்கில், மரம், பருத்தித் துணி மூன்றும் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்பவை. கட்டியிருக்கும் நூல் முதலில் கறுக்கும், பிறகு பட்டைகள் உப்பும். கிடைமட்டப் பட்டைகள் கொண்ட அலுமினிய வெனிஷியன் பிளைண்ட் கெடாது, ஆனால் 25 மில்லிமீட்டர் பட்டை ஒவ்வொன்றிலும் சோப்புத் தூசி படியும். 4 அடி உயரத்துக்குச் சுமார் அறுபது பட்டைகள் வரும், மாதா மாதம் யார் துடைப்பது? பிவிசி பூசிய பாலியெஸ்டர் ரோலர் பிளைண்ட்தான் இங்கே சரி. ஈரத்துணியால் ஒரு இழுப்பில் துடைத்துவிடலாம்.

அதற்கும் முன் கீழ்ப்பாதிக் கண்ணாடிக்கு ஃப்ராஸ்டட் ஃபிலிம் ஒட்டிவிடுங்கள். தரையிலிருந்து 6 அடி உயரம் வரை ஃபிலிம் வந்தால் பிளைண்டை நீங்கள் இறக்குவதே அபூர்வமாகிவிடும். ஸ்லைடிங்கில் எப்போதும் பாதிதான் திறக்கும் என்பதால் அந்தப் பாதியையும் திரை அடைத்துக்கொண்டு நிற்கக் கூடாது.

அளவு எடுப்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். டைல்ஸ் ஒட்டிய பிறகு ஜன்னல் குழியின் அகலம் மேலே ஒன்று, நடுவே ஒன்று, கீழே ஒன்று இருக்கும். மூன்றையும் அளந்து, குறைந்ததை எடுத்து, அது குழியின் அளவு என்று கடையில் தெளிவாகச் சொல்லுங்கள். ஒரு சென்டிமீட்டர் கழிப்பதை அவர்களே செய்வார்கள். நீங்களும் கழித்து அவர்களும் கழித்தால் இரண்டு பக்கமும் கீற்று விழும். உருளையும் அதைத் தாங்கும் பிராக்கெட்டும் சேர்ந்து கிட்டத்தட்ட மூன்று அங்குல ஆழம் கேட்கும். குழி அதைவிடக் குறைவு என்றால் குழிக்கு வெளியே, அறைப்பக்கச் சுவரில், இரண்டு பக்கமும் 2 அங்குலம் கூடுதலாக வைத்து மாட்டுங்கள். கீழ்க் கம்பி அடிப்பலகையைத் தொடாமல் ஓர் அங்குலம் மேலேயே நிற்கட்டும். திருகுகள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்க வேண்டும். பிளைண்டோடு வருபவை பெரும்பாலும் முலாம் பூசிய இரும்பு, துருக்கோடு டைல்ஸில் இறங்கும். சிறு குழந்தை வீட்டில் இருந்தால், தொங்கும் மணிச்சங்கிலியைச் சுவரில் கிளிப் அடித்து இழுத்துக் கட்டிவிடுங்கள். இது அழகுக்கான யோசனை இல்லை, கழுத்தில் சிக்கும். நனைந்த திரையைச் சுருட்டி ஏற்றாதீர்கள், காயவிட்டுச் சுருட்டுங்கள்.

ஷவர் நேரே அடிக்கும் ஜன்னல் என்பதால் அடிப்பலகைக் கல்லை ரசமட்டம் வைத்துப் பாருங்கள். உள்பக்கம் வாட்டம் இல்லையென்றால் தண்ணீர் ஜன்னல் சட்டத்தின் அடியில் தேங்கிச் சுவருக்குள் போகும். திரை மாட்டுவதற்கு முன்பே அதைச் சரிசெய்ய வேண்டும்.

பெரிய கண்ணாடி வாங்கி வாஷ்பேசின் மேல் சிலிக்கான் வைத்து ஒட்டினோம். ஒரு வருடத்துக்குள் ஓரமெல்லாம் ரசம் போய்க் கறுப்பாகிவிட்டது. கண்ணாடி மட்டமா?
வாசகி, மதுரை

கண்ணாடி மட்டமாகவும் இருக்கலாம், ஆனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது சிலிக்கானை. ஒட்டிய அன்று வினிகர் வாடை அடித்ததா? அப்படியென்றால் அது அசிடிக் சிலிக்கான். காயும்போது அமிலம் வெளிவிடும். அது பின்பக்கப் பூச்சைத் தாண்டி ரசத்தை அரிக்கும். கண்ணாடி ஒட்ட நியூட்ரல் சிலிக்கான் என்று கேட்டு வாங்க வேண்டும். அதையும் வட்டமாக அப்பக் கூடாது, நீளவாக்கில் மேலிருந்து கீழாகக் கோடு கோடாக. அப்போது பின்னால் போகும் ஈரம் தங்காமல் இறங்கிவிடும். கண்ணாடியின் கீழ் விளிம்பு டைல்ஸ் மேலோ பேசின் மேலோ உட்காரக் கூடாது, 3 மில்லிமீட்டராவது இடைவெளி வேண்டும். போன ரசம் திரும்ப வராது. மூன்று அங்குல அகலத்தில் சட்டம் போட்டு மறைக்கலாம், அல்லது கறுத்த ஓரத்தை வெட்டியெடுத்துச் சிறிய கண்ணாடியாக மாட்டலாம்.

8 அடிக்கு 5 அடி பாத்ரூம். வென்டிலேட்டரில் பாதியை அடைத்து 6 அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டோம். மீதிப் பாதியில் லூவர்ஸ். ஃபேன் ஓடுகிறது, ஆனாலும் சீலிங்கில் கரும்பூசணம். பெரிய ஃபேன் வாங்க வேண்டுமா?
வாசகர், திருச்சி

வேண்டாம். 9 அடி உயரம் என்று வைத்தால் உங்கள் அறை 360 கன அடி, அதாவது 10 கன மீட்டர் காற்று. மணிக்குப் பத்துப் பதினைந்து முறை மாறினால் போதும், 100 முதல் 150 கன மீட்டர். உங்கள் ஃபேன் பெட்டியில் எழுதியிருக்கும் எண்ணைப் பாருங்கள், இதைத் தாண்டித்தான் இருக்கும்.

தவறு லூவர்ஸில். ஃபேன் இழுக்கும் காற்று பக்கத்து லூவர்ஸ் வழியாக உள்ளே வந்து, ஓரடி தூரம் பயணம் செய்து, ஃபேன் வழியாகவே வெளியே போகிறது. ஷவர் மூலையில் நிற்கும் ஆவியை அது தொடவே இல்லை. ஃபேன் ஓடும்போது லூவர்ஸை இறுக மூடுங்கள். காற்று கதவின் கீழிருந்து வரட்டும். அதற்குக் கதவின் அடியில் ஒன்று முதல் ஒன்றரை சென்டிமீட்டர் சந்து வேண்டும். சோதிக்க ஒரு டிஷ்யூ தாள் போதும். கதவை மூடி, ஃபேனைப் போட்டு, தாளைக் கதவின் அடிச்சந்தில் பிடியுங்கள். உள்பக்கம் இழுபட்டால் சரி. அசையாமல் தொங்கினால் வேறெங்கோ வழி திறந்திருக்கிறது. குளித்து முடித்த பிறகு 20 நிமிடம் ஓடவிடுங்கள். சீலிங்கைச் சுத்தம் செய்து நன்றாகக் காயவைத்த பிறகே பெயின்ட் அடிக்க வேண்டும். பூசணத்தின் மேல் அடித்த பெயின்ட் உரியும்.

டவல் ராடு மாட்டத் துளை போட்டபோது புது டைல்ஸ் விரிசல் விட்டுவிட்டது. இன்னும் மாமியாருக்கு டாய்லெட் பக்கத்தில் கைப்பிடி மாட்ட வேண்டும். பயமாக இருக்கிறது.
வாசகி, நாகர்கோவில்

ட்ரில் மெஷினில் ஹாமர் (இடித்துத் துளைக்கும் முறை) போட்டபடி டைல்ஸைத் தொட்டிருப்பார்கள். டைல்ஸ் அறுபடும் வரை ஹாமர் கூடவே கூடாது. முதலில் நாணயத்தால் தட்டிப் பாருங்கள். கூடு சத்தம் வந்தால் பின்னால் கலவை இல்லை, அங்கே துளைத்தால் உடையும். இரண்டங்குலம் தள்ளிப் போங்கள். டைல்ஸ் விளிம்பிலிருந்து ஓர் அங்குலமாவது உள்ளே இருக்க வேண்டும். குறியிட்ட இடத்தில் மாஸ்கிங் டேப்பைப் பெருக்கல் குறிபோல ஒட்டி, ஈட்டி முனை கொண்ட டைல்ஸ் பிட்டை மெதுவான வேகத்தில், அழுத்தாமல் ஓட்டுங்கள். இடையிடையே கொஞ்சம் தண்ணீர் தொட்டுவிடுங்கள். டைல்ஸ் தாண்டியதும் பிட்டை மாற்றி, கான்கிரீட் பிட்டில் ஹாமர் போடலாம். பிளாஸ்டிக் பிளக் டைல்ஸ் கனத்துக்குள் நிற்காமல் சுவருக்குள் இறங்க வேண்டும். டைல்ஸுக்குள்ளேயே நின்றால் திருகை முடுக்கும்போது பிளக் விரிந்து டைல்ஸைப் பிளக்கும். துளைக்குள் ஒரு சொட்டு சிலிக்கான் விட்டு முடுக்கினால் தண்ணீர் உள்ளே போகாது.

குழாய் இருக்கும் வரிசையில், நேர் மேலேயும் நேர் கீழேயும் துளைக்காதீர்கள். டைல்ஸ் ஒட்டுமுன் எடுத்த புகைப்படம் இருந்தால் அதைப் பார்த்துக் குறியுங்கள்.

மாமியாரின் கைப்பிடிக்குத் திருகும் பிளக்கும் போதாது. முழு உடம்பின் பாரம் அதில் விழும். செங்கல் சுவரென்றால் விரியும் ஆங்கர் போல்ட், லேசான ஏஏசி பிளாக் (காற்றுக் குமிழ் கான்கிரீட் கல்) சுவரென்றால் கெமிக்கல் ஆங்கர், அதாவது துளையில் ரசாயனப் பசை நிரப்பி இறுக்கும் போல்ட். காற்றை உறிஞ்சி ஒட்டும் ரப்பர் கைப்பிடிகளை வாங்கிவிடாதீர்கள். அவை எப்போது கழலும் என்று யாராலும் சொல்ல முடியாது.

தரையும் சுவரும் சேரும் மூலையில் க்ரௌட் (டைல்ஸ் இடுக்கில் நிரப்பும் கலவை) திரும்பத் திரும்ப விரிசல் விடுகிறது.
வாசகர், தஞ்சாவூர்

மூலை அசையும் இடம். க்ரௌட் அசையாது. அங்கே போட வேண்டியது பூசணம் பிடிக்காத சானிட்டரி சிலிக்கான். பழைய க்ரௌட்டைச் சுரண்டி, முழுக்கக் காயவைத்து, இரண்டு பக்கமும் டேப் ஒட்டிப் போடுங்கள். சோப்புத் தண்ணீரில் நனைத்த விரலால் ஒரே இழுப்பில் தடவி, ஈரம் இருக்கும்போதே டேப்பை உரித்துவிடுங்கள். 6 மில்லிமீட்டர் அகலமும் அதே ஆழமும் உள்ள பிளவுக்கு 300 மில்லி குழல் ஒன்று சுமார் 27 அடி வரும். 8க்கு 5 அறையின் சுற்றளவே 26 அடி என்பதால் இரண்டாக வாங்குங்கள். ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் படக் கூடாது. பழைய சிலிக்கான் மேல் புதியது ஒட்டாது, இதையும் நினைவில் வையுங்கள்.

சிமென்ட் கறை போக ஆசிட் ஊற்றிக் கழுவினார்கள். ஆசிட் படாத குழாய்கூடக் கறுத்துவிட்டது!
வாசகி, சேலம்

படத் தேவையில்லை, அதன் புகையே போதும். குரோமையும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலையும் அது அரிக்கும், சிமென்ட் க்ரௌட்டையும் தின்னும். குழாயில் படியும் உப்புக்கறைக்கு வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து, துணியில் நனைத்துப் பத்து நிமிடம் சுற்றி வைத்துக் கழுவுங்கள். ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் ஒருபோதும் ஒன்றாகக் கலக்கக் கூடாது. குளோரின் வாயு கிளம்பும்.

லூவர்ஸுக்குக் கொசுவலை உள்ளேயா, வெளியேயா?
வாசகர், கும்பகோணம்

தரைத்தளம் என்றால் வெளியே, சட்டமடித்து. மாடியென்றால் உள்ளே, கழற்றிக் கழுவும்படி வெல்க்ரோ வலை. 4 அங்குலப் பட்டை முழுக்கத் திறக்கும்போது உள்ளே 2 அங்குலம் நீட்டும். மூன்றில் ஒரு பங்கு திறந்தால் ஓர் அங்குலம்தான். எனவே பட்டையை அந்த நிலையில் வைத்துவிட்டு, ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலான தூரத்தில் வலையை ஒட்டுங்கள். மாதம் ஒரு முறை கழுவாவிட்டால் தூசியும் ஈரமும் சேர்ந்து வலையின் கண்ணை அடைத்துவிடும். எக்ஸாஸ்ட் ஃபேன் வாயில் வலை வேண்டாம். ஃபேன் நின்றதும் தானே விழுந்து மூடும் தகடு வைத்த மாடலாகப் பார்த்து வாங்குங்கள்.