எந்த ஸ்டிக், எந்த பட்டன், எந்த போர்டு? ஆர்கேட் மெஷின் கட்டறவங்களுக்கான கேள்வி-பதில்

வீட்டுலயே ஆர்கேட் மெஷின், அதாவது காசு போட்டு ஆடற அந்தக் கால வீடியோ கேம் பெட்டி, கட்டறதப் பத்தி வாசகர்கள் அனுப்பின கேள்விகள்ல, நிறைய பேருக்கு வர்ற சந்தேகங்களை எடுத்து பதில் எழுதியிருக்கேன்.

கேள்வி: ரெண்டு ஜாய்ஸ்டிக், இருபது பட்டன், ரெண்டு யூஎஸ்பி போர்டு, ஒயர் எல்லாம் சேத்து ஒரே கிட்டா கிடைக்குது. அதையே வாங்கிடலாமா, இல்ல தனித்தனியா பாத்து வாங்கணுமா அண்ணா? இதுதான் என் முதல் மெஷின்.

பதில்: கிட் வாங்கறதுல தப்பில்ல. (போர்டுங்கறது ஸ்டிக்கையும் பட்டனையும் கம்ப்யூட்டரோட இணைக்கற சர்க்யூட்.) ஆனா ஆர்டர் போடறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர் எடுத்து, வீட்ல நெஜமாவே ஆடப்போற கேம் பேரை எழுதுங்க, ஆயிரம் கேம் எல்லாம் வேண்டாம், பத்து போதும். அந்தக் காலத்துல ஒவ்வொரு மெஷினையும் ஒரு கேமுக்காகவே செஞ்சாங்க, அதோட கண்ட்ரோலையும் அந்த கேமுக்குன்னே யோசிச்சு வெச்சாங்க. 1979ல வந்த ஆஸ்டராய்ட்ஸ்ல ஜாய்ஸ்டிக்கே கிடையாது, ஆட்டம் முழுக்க அஞ்சு பட்டன்தான். 1980ல வந்த பேக்-மேனுக்கு ஒரு ஸ்டிக் போதும், ஸ்டார்ட் அழுத்தினதுக்கப்புறம் வேற பட்டனே தேவைப்படாது. 1981 டெம்பெஸ்ட்டுக்கு கையால சுத்தற குமிழ், அதத்தான் ஸ்பின்னர்னு சொல்றோம், சென்டிபீடுக்கு உருட்டற பந்து, அதான் டிராக்பால். 1982ல வந்த ரோபோட்ரான்ல ஆளுக்கு ரெண்டு ஸ்டிக் வேணும், ஒண்ணு நடக்க, இன்னொண்ணு சுட. 1991ல ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 வந்து ஆளுக்கு ஆறு பட்டன்ங்கறத எல்லா இடத்துலயும் பரப்பிடுச்சு.

இப்ப உங்க லிஸ்ட்டப் பாருங்க. பத்துல எட்டு கேம் சண்டை கேம், சுட்டுட்டே ஓடற கேம்னா ஆளுக்கு ஒரு எட்டு திசை ஸ்டிக், ஆறு பட்டன், தனியா ஸ்டார்ட், காயின், அவ்வளவுதான், அந்த கிட்டே போதும், தைரியமா வாங்குங்க. லிஸ்ட்ல மூணு நாலு கேம் டிராக்பால் கேட்டா அப்ப ஒரு டிராக்பால் சேருங்க. எல்லா கேமுக்கும் எல்லா கண்ட்ரோலும் வேணும்னு ஒரே பலகைல ஸ்பின்னர், டிராக்பால், நாலு ஸ்டிக்னு அடுக்கினவங்க மெஷின்ல ஆடிப் பாத்திருக்கேன், எந்த கேம் ஆடினாலும் ஏதாவது ஒண்ணு மணிக்கட்டுல இடிச்சுட்டே இருக்கு, கடைசில யாருக்கும் வசதியா இல்ல.

கேள்வி: எட்டு திசை ஸ்டிக்தான் போட்டிருக்கேன், சண்டை கேம் எல்லாம் சூப்பரா இருக்கு, ஆனா பேக்-மேன்ல திருப்பத்துல திரும்பவே மாட்டேங்குது, டாங்கி காங்ல ஏணில ஏறப் போனா பாதில நிக்குது. ஸ்டிக் பழுதா?

பதில்: ஸ்டிக் நல்லாத்தான் இருக்கு. இந்த ரெண்டு கேமும் நாலு திசை ஸ்டிக்குக்காக எழுதினது, மேல, கீழ, இடது, வலது, இதைத் தவிர அதுக்கு ஒண்ணும் தெரியாது. நீங்க மேல இருந்து வலதுக்கு வேகமா தள்ளும்போது எட்டு திசை ஸ்டிக் ஒரு கணம் மூலைல நின்னு ரெண்டு ஸ்விட்சையும் சேத்து அழுத்துது, ஒரே நேரத்துல ரெண்டு திசை வந்தா கேம் என்ன பண்ணும், ஏதோ ஒண்ண எடுத்துக்கும், அது நீங்க கேக்காததா இருந்தா திருப்பம் போச்சு.

ஸ்டிக்கோட அடில ஒரு பிளாஸ்டிக் தகடு இருக்கும், கேட்னு சொல்லுவாங்க, தண்டு எந்த அளவுக்கு எந்தப் பக்கம் போகலாம்னு தடுக்கறது அதுதான். ஜப்பான் கம்பெனி சான்வாவோட ஜேஎல்எஃப் மாதிரி ஸ்டிக்ல அந்த சதுர கேட்டை கழட்டி திருப்பி மாட்டினா மூலைங்க அடைபட்டு நாலு திசையா மாறிடும். ஆனா ஒவ்வொரு தடவையும் பலகையத் திறந்து மாத்தறது நடக்காத காரியம். பழைய கேம்தான் உங்களுக்கு உயிர்னா நடுவுல மேல தள்ளி ஒரு நாலு திசை ஸ்டிக்கை தனியா வெச்சிடுங்க, ஒயர் வேற போர்டுக்குக் கூட போக வேண்டாம், முதல் ஆளோட நாலு திசை பின்லயே சேத்து இணைச்சா ரெண்டு ஸ்டிக்கும் வேலை செய்யும். என்னோட மெஷின்ல இப்படித்தான் இருக்கு, இதுக்காக போட்ட அந்த ஒரு ஓட்டைக்கு நான் ஒரு நாளும் வருத்தப்பட்டதில்ல. க்யூபெர்ட் ஆடறவங்க மட்டும் ஒண்ணு கவனிங்க, அதோட நாலு திசை ஸ்டிக் 45 டிகிரி சாய்ச்சு மாட்டினது, அதுல எல்லா நகர்வும் குறுக்கத்தான்.

உருண்டைத் தலையா, கதாயுதம் மாதிரி நீட்டுத் தலையான்னு கூட நிறைய பேர் கேக்கறாங்க. அது கைப்பழக்கம்தான், நிறைய ஜப்பான் ஸ்டிக்ல தலை மட்டும் திருகிக் கழட்டி மாத்திக்கலாம். ஸ்டிக்கோட பிடிப்புதான் நெஜமான வித்தியாசம்: ஜப்பான் ஸ்டிக் லேசா விரலால ஆட்டறது, ஹாப் கம்பெனியோடது மாதிரி அமெரிக்க ஸ்டிக் கொஞ்சம் இறுக்கமா, கை முழுசா பிடிச்சு தள்ளறது. சின்னப் பசங்க தொங்கற வீடா இருந்தா ரெண்டாவது நல்லா உழைக்கும்.

கேள்வி: 18 மில்லிமீட்டர் எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செஞ்ச) பலகைல பட்டன் போட்டேன், ஓட்டைல உக்காந்துடுச்சு ஆனா வேகமா அடிச்சா மேல எழும்புது. என்ன பண்ணலாம்?

பதில்: நீங்க வாங்கினது ஸ்னாப்-இன் வகை. அதோட ரெண்டு பக்கமும் இருக்கற கிளிப், மெல்லிசான உலோகத் தகட்டுலயோ அக்ரிலிக்லயோ அடிப்பக்கம் போய் கவ்வறதுக்காக செஞ்சது, 18 மில்லிமீட்டர் மரத்துல அது கவ்வ இடமே இல்ல, உரசல்ல மட்டும் நிக்குது. ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, மேல தகடு போட்டு மரத்துல ஓட்டைய பெருசாக்கி பட்டனை தகட்டுல மாட்டறது. இன்னொண்ணு, நட்டு போட்டு இறுக்கற திருகு வகை பட்டன் வாங்கறது. அமெரிக்க வகை பட்டன்ல மரை நீளமா இருக்கும், இந்த கனத்துக்கு நேராவே போயிடும். ஜப்பான் திருகு வகைன்னா நட்டு பிடிக்கறதுக்கு அடிப்பக்கம் கொஞ்சம் குடைய வேண்டி வரும். ஜாய்ஸ்டிக்கும் அப்படித்தான், ஜப்பான் ஸ்டிக்கோட தண்டு குட்டை, கனமான பலகைக்கு அடில அப்படியே மாட்டினா மேல பிடிக்க மிச்சம் இருக்காது, அடில குடைஞ்சுதான் ஏத்தணும்.

ஓட்டை அளவு விஷயத்துல ஒரு அனுபவம். ஒரு தடவ 30 மில்லிமீட்டர்னு எழுதியிருந்த இடத்துல பட்டன் வாங்கினேன், அது வர்றதுக்குள்ள அவசரப்பட்டு பலகைல எல்லா ஓட்டையும் போட்டுட்டேன், வந்ததோ 28 ஓட்டைக்கான பட்டன், பன்னெண்டும் ஆடுது, பலகையே புதுசா வெட்ட வேண்டியதாச்சு. ஜப்பான் பட்டனுக்கு 30, அதுலயே சின்னதுக்கு 24, அமெரிக்க பட்டனுக்கு 28 சொச்சம்னு பொதுவா சொல்லலாம், இருந்தாலும் பட்டன் கைக்கு வந்து, அளந்து, ஒரு வேஸ்ட் துண்டுல ஓட்டை போட்டுப் பாத்த பிறகுதான் நல்ல பலகையத் தொடணும். ஒயர் மாட்டற கிளிப்பும் அப்படியே, சான்வா பட்டனுக்கு 2.8 மில்லிமீட்டர், அடில மைக்ரோஸ்விட்ச்ங்கற குட்டி ஸ்விட்ச் தொங்கற பெரிய பட்டனுக்கு பெரும்பாலும் 4.8, மாத்தி வாங்கினா ஒண்ணும் நிக்காது.

கேள்வி: ஒரே ஒரு பட்டன் மட்டும் அழுத்தாமலே அழுத்தின மாதிரி காட்டுது, அழுத்தினா விட்டுடுது.

பதில்: மைக்ரோஸ்விட்ச்ல மூணு கால் இருக்கும். காம், என்ஓ, என்சினு பக்கத்துலயே பொறிச்சிருப்பாங்க. காம் பொதுக்கால், என்ஓ அழுத்தினா மட்டும் அதோட சேரும், என்சி அழுத்தாதப்பவே சேந்திருக்கும். நீங்க காம்லயும் என்சிலயும் மாட்டியிருக்கீங்க, அந்த என்சி ஒயரை கழட்டி என்ஓல மாட்டுங்க, முடிஞ்சது. இதோட சேத்து இன்னொண்ணும் சொல்லிடறேன், தனித்தனி ஸ்விட்ச் வெச்ச ஜாய்ஸ்டிக்ல மேல தள்ளினா அடில இருக்கற கம்பி கீழ்ப்பக்க ஸ்விட்சத்தான் அழுத்தும், அதனால ‘மேல’ ஒயர் கீழ்ப்பக்க ஸ்விட்சுக்குத்தான் போகணும், இது தெரியாம திசை எல்லாம் தலைகீழா இருக்குன்னு போர்டை மாத்தினவங்க இருக்காங்க.

கேள்வி: ‘ஜீரோ டிலே’, அதாவது தாமதமே இல்லைங்கற பேர்ல விக்கற போர்டு, ரெண்டு போட்டிருக்கேன். சில நாள் மெஷினை ஆன் பண்ணும்போது முதல் ஆளும் ரெண்டாவது ஆளும் இடம் மாறிடறாங்க. அப்புறம் நிஜமாவே இதுல டிலே இல்லையா அண்ணா?

பதில்: ரெண்டு போர்டும் ஒரே அச்சு, கம்ப்யூட்டருக்கு ரெண்டும் ஒரே பேர் சொல்லுது. அதனால யார் முதல்ல கண்ணுல பட்டாங்களோ அவங்க முதல் ஆள்னு எடுத்துக்குது, அது ஒவ்வொரு தடவையும் ஒண்ணா இருக்கும்னு சொல்ல முடியாது. எந்த யூஎஸ்பி ஓட்டைல மாட்டியிருக்குங்கறத வெச்சு அடையாளம் பிடிக்க சில சாஃப்ட்வேர்ல செட்டிங் இருக்கு, அத முதல்ல தேடிப் பாருங்க. நிரந்தரமா தீரணும்னா ரெண்டு ஆளையும் ஒரே போர்டுல சேக்கற ஐ-பேக் மாதிரி ஒண்ணு போடுங்க, அது கீபோர்டு மாதிரி நடிக்கும், எத்தன பட்டன் சேந்து அழுத்தினாலும் எதையும் முழுங்காது, ஆள் மாற வழியே கிடையாது.

டிலே விஷயம்: பேர்ல என்ன இருந்தாலும் டிலே இல்லாத போர்டுன்னு ஒண்ணு கிடையாது. செகண்டுக்கு 60 படம் ஓடற கேம்ல ஒரு படத்துக்கு 16.7 மில்லிசெகண்ட். போர்டை செகண்டுக்கு 125 தடவ மட்டும் கம்ப்யூட்டர் விசாரிச்சா ஒவ்வொரு விசாரிப்புக்கும் நடுவுல 8 மில்லிசெகண்ட், 1000 தடவ விசாரிச்சா 1 மில்லிசெகண்ட். ராஸ்பெர்ரி பை பிகோங்கற சின்ன போர்டுல ஜிபி2040-சிஇ ங்கற இலவச ஃபர்ம்வேர் (போர்டுக்குள்ளயே ஓடற சாஃப்ட்வேர்) ஏத்தி ஆளுக்கு ஒண்ணு போட்டா ரொம்ப வேகமா இருக்கும், கொஞ்சம் சால்டரிங் தெரியணும். ஆனா போர்டு மாத்தறதுக்கு முன்னாடி டிவில கேம் மோட் போட்டிருக்கான்னு பாருங்க, படத்தை அழகாக்கறேன்னு டிவி எடுத்துக்கற நேரம் போர்டு எடுத்துக்கறத விட பல மடங்கு, பாவம் திட்டு மட்டும் போர்டுக்கு.

கேள்வி: பழைய டியூப் டிவி ஒண்ணு இருக்கு, அதையே திறந்து உள்ள வெக்கலாமா? இல்ல எல்சிடி போதுமா?

பதில்: டியூப் படத்தோட அழகுக்கு ஈடு கிடையாது, நானும் ஒத்துக்கறேன். ஆனா பிளக்கை பிடுங்கின பிறகும் அந்த டியூபுக்குள்ள ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கி நிக்கும், அந்த வேலை தெரிஞ்ச ஆள் பக்கத்துல இல்லாம கவரைத் திறக்கவே திறக்காதீங்க, இதுல நான் வேற எதுவும் சொல்ல மாட்டேன். டிவிய அப்படியே முழுசா, கவரோட அலமாரிக்குள்ள வெக்கலாம், பின்னாடி காத்து போக வழி விட்டு.

எல்சிடின்னா ஆபீஸ்ல கழிச்சுப் போடற 19 இன்ச், 1280க்கு 1024 மானிட்டர் கிடைச்சா விடாதீங்க. பேக்-மேனோட படம் 224க்கு 288 புள்ளி. அந்த மானிட்டரை நெட்டுக்குத்தா நிறுத்தினா சரியா நாலு மடங்கு, 896க்கு 1152, உள்ள உக்காந்துடும், ஒவ்வொரு புள்ளியும் கூர்மையா இருக்கும். ஒண்ணே ஒண்ணு, டிஎன் வகை திரையை திருப்பி நிறுத்தினா ஒரு பக்கத்துல நிக்கறவங்களுக்கு படம் மங்கலாத் தெரியும், ஐபிஎஸ் வகைத் திரைன்னா அந்தத் தொல்லை இல்ல.

கேள்வி: கம்ப்யூட்டரா ராஸ்பெர்ரி பை 4ங்கற குட்டி போர்டு போட்டிருக்கேன், ஆட்டத்துக்கு நடுவுல மின்னல் படம் வந்து ஸ்லோ ஆகுது.

பதில்: கரண்ட் பத்தல. போன் சார்ஜரை எடுத்துட்டு 5 வோல்ட் 3 ஆம்பியர் சப்ளை போடுங்க, பட்டன் லைட்டு, ஆம்ப்ளிஃபையர் எல்லாத்துக்கும் தனி சப்ளை. ஆஃப் பண்ணும்போது மெனுல ஷட்டவுன் கொடுத்துட்டு அணைங்க, நேரா பிளக்கை இழுத்தா ஒரு நாள் மெமரி கார்டு போயிடும்.

கேள்வி: அம்மாவுக்கு பக்கவாதம் வந்து வலது கை விரல்ல பலம் குறைஞ்சு போச்சு. எங்கள சின்ன வயசுல ஆட கூட்டிட்டுப் போனது அவங்கதான். அவங்களும் ஆடற மாதிரி ஒண்ணு கட்ட முடியுமா?

பதில்: முடியும், கண்டிப்பா கட்டுங்க. கடைல வாங்கற மெஷின்ல கிடைக்காத சுதந்திரம் இதுல இருக்கு, எந்த ஸ்விட்ச் எங்க இருக்கணும்னு நீங்கதான் முடிவு பண்றீங்க. பட்டனுக்கு அடில இருக்கற மைக்ரோஸ்விட்ச் தனியா கழண்டு வரும், லேசா தொட்டாலே அழுந்தற ஸ்விட்ச் கிடைக்குது, அத மாட்டுங்க. சுடற பட்டனுக்கு 60 இல்ல 100 மில்லிமீட்டர் பெரிய குமிழ் பட்டன் போடுங்க, விரல் வேண்டாம், உள்ளங்கையோ முஷ்டியோ பட்டாலே போதும். ஸ்டிக்கை எந்தக் கைல பிடிக்கணும்னு சட்டம் எதுவும் இல்ல, இடது கை நல்லா இருந்தா அதுலயே ஸ்டிக், வலதுக்கு அந்த பெரிய பட்டன். ஸ்டிக் பிடிக்கறதே கஷ்டம்னா திசை நாலுக்கும் நாலு பட்டன் வெக்கலாம், போர்டுக்கு ரெண்டும் ஒண்ணுதான், ஸ்டிக்குக்குள்ள இருக்கறதும் நாலு ஸ்விட்ச்தானே. தொடர்ந்து தட்ட வேண்டிய கேம்னா, அழுத்தி வெச்சா தானா சுட்டுட்டே இருக்கற ஆட்டோஃபயரை மேம்ல (பழைய ஆர்கேட் கேமை கம்ப்யூட்டர்ல ஓட்டற சாஃப்ட்வேர்) ஆன் பண்ணிக்கலாம்.

நின்னு ஆடற உயரத்துக்குக் கட்டாதீங்க, அவங்க வழக்கமா உக்கார்ற நாற்காலிக்கு ஏத்த மாதிரி பலகை உயரம் இருக்கட்டும், முழங்காலுக்கு அடில இடம் விட்டு, முன்னாடி மணிக்கட்டு சாய நாலு விரல் அகலம் விட்டு. மரத்தை வெட்டறதுக்கு முன்னாடி ஒரு அட்டைப் பெட்டில ஓட்டை போட்டு பட்டன் எல்லாம் மாட்டி அம்மா மடில வெச்சு ஒரு வாரம் ஆட விடுங்க. கை தானா எங்க போய் விழுதோ அங்க பேனாவால குறிச்சுக்கோங்க, அந்தக் குறிய அப்படியே பலகைக்கு எடுத்துட்டுப் போங்க. முதல் கேமா பேக்-மேன் போடுங்க, அதுக்கு ஒரு கை போதும்.