வாசகர் கேள்வி - பதில்: ரோட்டோரமா உக்காந்து அழுத சாம்பியன்

கேள்வி: பழைய டூர் டி பிரான்ஸ் போட்டோ ஒண்ணு பார்த்தேன். ஒரு சைக்கிள் வீரர் ரோட்டோரமா உக்காந்து அழுதுட்டிருக்கார். போட்டோவுக்குக் கீழ '1930, சாம்பியன்'னு போட்டிருக்கு. அழுறவர் எப்படிங்க சாம்பியன் ஆனார்?

பதில்: அவர் பேரு ஆந்த்ரே லெதுக். ஜனங்க செல்லமா 'தெதே'ன்னு கூப்பிடுவாங்க, எப்பவும் சிரிச்ச முகம், பிரான்ஸ் முழுக்க அவரைப் பிடிக்காத ஆள் கிடையாது. அப்படிப்பட்ட மனுஷன் அழுத நாள் அது.

டூர்ங்கிறது பல நாள் ஓட்டம், ஒவ்வொரு நாள் ஓட்டமும் ஒரு ஸ்டேஜ், எல்லா நேரத்தையும் கூட்டிப் பார்த்து யாருக்குக் கம்மியோ அவர்தான் சாம்பியன். 1930 டூர்ல கிரனோபிள்ல இருந்து எவியானுக்குப் போற ஸ்டேஜ், முந்நூறு கிலோமீட்டருக்கு மேல, நடுவுல கலிபியே மலை. மொத்த நேரத்துல முன்னாடி இருக்கறவர் போடுற மஞ்சள் ஜெர்சி லெதுக் மேல, இத்தாலிக்காரர் லியர்கோ குவேரா கால் மணி நேரம் போல பின்னாடி. கலிபியே இறக்கத்துல லெதுக் படுவேகமா வந்து விழுந்து நினைவு தப்பிட்டார். எழுப்பி உக்கார வச்சு மறுபடி சைக்கிள்ல ஏத்தி விட்டாங்க. அங்கிருந்து கொஞ்ச தூரத்துலயே தெலிகிராஃப் கணவாய்க்கு ஒரு சின்ன ஏத்தம் வருது, அதுல எந்திரிச்சு நின்னு மிதிக்கும்போது பெடல் உடைஞ்சு ரெண்டாவது தடவையும் விழுந்தார். முழங்கால்ல ரத்தம், குவேரா எங்கயோ முன்னாடி பறந்துட்டிருக்கார், கதை முடிஞ்சதுன்னு நினைச்சு ரோட்டோரமா உக்காந்து அழ ஆரம்பிச்சுட்டார். நீங்க பார்த்த போட்டோ அந்த நாளோடதுதான்.

ஆனா அவரை விட்டுட்டு யாரும் போகல. ஆந்தோனின் மாஞ், அவர் தம்பி பியர் மாஞ், மார்செல் பிதோன்னு பிரெஞ்சு டீம் ஆளுங்க நின்னாங்க. பிதோ, வேடிக்கை பார்க்க வந்த ஒருத்தரோட சைக்கிள்ல இருந்து பெடலைக் கழட்டி லெதுக் சைக்கிள்ல மாட்டினார். அழுற ஆளைத் திட்டி சமாதானம் பண்ணி கிளப்பினாங்க. அப்புறம் பள்ளத்தாக்கு முழுக்க ஆளுக்கு ஆள் முன்னாடி வந்து எதிர்க்காத்தைத் தாங்கிக்கிட்டு, லெதுக்கைப் பின்னாடி வச்சு இழுத்துட்டே போயி குவேராவைப் பிடிச்சுட்டாங்க. பிடிச்சதோட விட்டாங்களா, எவியான்ல ஸ்பிரின்ட்ல ஜெயிச்சதும் லெதுக்தான்! காலைல நினைவு தப்பினவர் சாயங்காலம் ஸ்டேஜ் ஜெயிக்கிறார்னா, சைக்கிள் ரேஸ் சரித்திரத்துல எனக்கு இதைவிடப் பெரிய நாள் கிடையாது. டூர் முடியுற பாரிஸ் போய்ச் சேரும்போது குவேரா 14 நிமிஷம் 13 செகண்ட் பின்னாடி.

கேள்வி: அப்போ அது டீம் ஜெயிச்சதுதானே, அவர் ஜெயிச்சதுன்னு எப்படிச் சொல்றது?

பதில்: நியாயமான கேள்விதான், இதுக்குப் பின்னாடி ஒரு பெரிய கதை இருக்கு. 1930க்கு முன்னாடி டூர்ல சைக்கிள் கம்பெனி டீம்கள்தான். லெதுக் அல்சியோன் கம்பெனி டீம்ல ஓட்டினார். 1928ல முதல் மூணு இடமும் அல்சியோனுக்கே போச்சு, நிக்கோலா ஃபிரான்ட்ஸ் முதல், லெதுக் ரெண்டாவது, மோரிஸ் தெவால் மூணாவது. அடுத்த வருஷம் தெவால் உடம்பு சரியில்லாம ஓட்டியும் டீம் அவரைக் காப்பாத்திக் கொண்டுபோய் ஜெயிக்க வச்சுது. டூரை ஆரம்பிச்ச ஆந்ரி தெகிராஞ்சுக்கு வந்துச்சே கோபம், அந்த மனுஷனுக்கு டூர்னா தனி ஒருத்தரோட பலத்துக்கு வைக்கிற பரீட்சை. கம்பெனி டீமே வேணாம்னு தூக்கிட்டு 1930ல நாடு நாடா டீம் வச்சார், எல்லாருக்கும் ஒரே மாதிரி மஞ்சள் சைக்கிளை அவரே கொடுத்தார், அந்தச் செலவுக்காகத்தான் ரேசுக்கு முன்னாடி விளம்பர வண்டி ஊர்வலமே வந்துச்சு.

இப்ப பாருங்க, கூட்டு சேர்ந்து ஒருத்தரைத் தூக்கி விடறது கூடாதுன்னு சட்டத்தையே மாத்தின வருஷத்துலதான் லெதுக்கை ஒரு டீமே தூக்கி நிறுத்துச்சு. ஆனா 1929ல யாரும் கை தட்டல, 1930ல நாடே கொண்டாடுச்சு. முன்னாடி இழுத்தது சம்பளம் கொடுத்த கம்பெனிக்காக, இப்ப இழுத்தது நாட்டுப் பேருக்காக. ரோட் ரேஸ்ல தனியா ஜெயிக்கிறதுன்னு ஒண்ணு இல்லவே இல்லைன்னுதான் நான் நினைக்கிறேன். அடிபட்ட காலோட அத்தனை தூரம் மிதிச்சது அவர் கால்தானே, கடைசி ஸ்பிரின்ட்டை வேற யாரும் அவருக்காக அடிச்சுக் கொடுக்க முடியாதே. அதுவும் தவிர, நாலு பேர் ரேசை நிறுத்திட்டு நமக்காக நிக்கணும்னா நாம முன்னாடி எப்படி நடந்துக்கிட்டோம்னு ஒண்ணு இருக்குல்ல!

கேள்வி: 1932ல அவர் ரெண்டாவது தடவை ஜெயிச்சது போனஸ் நேரத்தாலதான், இல்லைன்னா தோத்திருப்பார்னு ஒரு நண்பர் சொல்றார். உண்மையா?

பதில்: பாதி உண்மை. அந்த வருஷம் ஸ்டேஜ் ஜெயிச்சா 4 நிமிஷம் போனஸ், அதாவது மொத்த நேரத்துல இருந்து அவ்வளவு கழிப்பாங்க, ரெண்டாவதுக்கு 2, மூணாவதுக்கு 1. லெதுக் 6 ஸ்டேஜ் ஜெயிச்சார். ரெண்டாவது வந்த ஜெர்மன்காரர் குர்ட் ஸ்டோப்பலுக்கும் அவருக்கும் கடைசியில 24 நிமிஷம் 3 செகண்ட் வித்தியாசம், போனஸை எல்லாம் எடுத்துட்டுக் கணக்குப் போட்டா மூணே மூணு செகண்ட்தான்! ஆனா அந்த மூணு செகண்டும் லெதுக் பக்கம்தான் இருக்கு, அதனால தோத்திருப்பார்ங்கிற பேச்சுக்கே இடமில்லை. நண்பர்கிட்ட இன்னொண்ணும் சொல்லுங்க, விதி என்னன்னு ரெண்டு பேருக்கும் முதல் நாளே தெரியும், ஸ்பிரின்ட்ல கெட்டிக்காரர் அதுக்கேத்த மாதிரிதான் ஓட்டுவார். போனஸ் இல்லாத ரேசா இருந்தா லெதுக்கும் வேற மாதிரி ஓட்டியிருப்பார். 4 நிமிஷம் ரொம்ப ஜாஸ்திதான், நானும் ஒத்துக்கறேன், மறுவருஷமே அதை 2 ஆக்கிட்டாங்க. ஸ்டோப்பலை நினைச்சா பாவமாதான் இருக்கு, டூர்ல முதல் மூணு இடத்துக்குள்ள வந்த முதல் ஜெர்மன்காரர் அவர்தான்.

கேள்வி: அப்போ கியர் எல்லாம் இருந்துச்சா?

பதில்: ஓடிக்கிட்டே மாத்துற கியர் டூர்ல கிடையாது, தெகிராஞ்ச் விடவே இல்ல. பின் சக்கரத்துல ரெண்டு பக்கமும் வேற வேற அளவுல பல்சக்கரம் இருக்கும், மலை வந்தா இறங்கி சக்கரத்தைக் கழட்டித் திருப்பி மாட்டணும், உச்சிக்குப் போனதும் மறுபடி அதே வேலை. 1937லதான் அனுமதி வந்துச்சு. இது தெரிஞ்சாதான் கலிபியே கதையோட கனம் புரியும், பஞ்சர் ஆனா மாத்த உபரி டயரைத் தோள்ல மாலை மாதிரி சுத்திக்கிட்டு, கல்லும் மண்ணுமான மலை ரோட்டுல, அந்த சைக்கிளோட இறங்குறதை நினைச்சுப் பாருங்க.

கேள்வி: டூரை விட்டா வேற என்ன ஜெயிச்சார்?

பதில்: 1924ல அமெச்சூர் உலக சாம்பியன், 1928ல பாரிஸ்-ரூபே, 1931ல பாரிஸ்-தூர், இந்த ரெண்டும் ஒரே நாள்ல முடியுற ரேஸ். பாரிஸ்-ரூபே ஒண்ணு போதும், மத்ததெல்லாம் இல்லாட்டியும் பேர் நின்னிருக்கும்.

கேள்வி: கடைசி ரேஸ்ல இன்னொருத்தரோட கை கோத்துக்கிட்டு வந்தார்னு கேள்விப்பட்டேன்...

பதில்: ஆமாங்க, 1938 டூர், கடைசி ஸ்டேஜ், லில்ல இருந்து பாரிஸ். கூட வந்தவர் அதே ஆந்தோனின் மாஞ், 1930ல அவருக்காக நின்னவர். ரெண்டு பேரும் 1904 பிப்ரவரில பொறந்தவங்க, மாஞ் 12 நாள் மூத்தவர். குணத்துல ஒட்டவே ஒட்டாது, இவர் கலகலன்னு இருப்பார், அவர் பேசவே யோசிப்பார். 1931ல மாஞ் ஜெயிச்சப்போ அதே டீம்ல லெதுக் இருந்தார், 1934லயும் மாஞ் ஜெயிச்சார். 1930ல இருந்து 34 வரைக்கும் அஞ்சு டூரும் பிரெஞ்சுக்காரங்களுக்கே, நடுவுல 1933 ஜார்ஜ் ஸ்பெய்ஷேவோடது. 1938ல ஜெயிச்சது இத்தாலியோட பார்த்தாலி, இவங்க ரெண்டு பேருக்கும் 34 வயசு, கடைசி டூர். கூட்டத்தை விட்டுத் தப்பிச்சு ரெண்டு பேரும் பார்க் தெ பிரின்ஸ் மைதானத்துக்குள்ள முதல்ல வந்தாங்க. ஸ்பிரின்ட் அடிச்சா லெதுக்தான் ஜெயிப்பார், அதுல எனக்கு சந்தேகமே இல்ல. அடிக்கல. தோள்ல கை போட்டுக்கிட்டு ஒண்ணா கோட்டைத் தாண்டினாங்க, நடுவருங்களும் ரெண்டு பேருக்குமே முதல் இடம்னு கொடுத்துட்டாங்க.

லெதுக்கோட 25வது ஸ்டேஜ் வெற்றி அது. பெல்ஜியத்தோட எடி மெர்க்ஸ் வர்ற வரைக்கும் அதை யாராலயும் தாண்ட முடியல, இன்னிக்கும் கேவண்டிஷ், மெர்க்ஸ், இனோ இந்த மூணு பேர்தான் அவருக்கு மேல.