கல்லூரியை விட்டுப் போக வேண்டாம்: திருநங்கை மாணவி ஒருவருக்கு எழுதும் பதில்

மண்டபத்தை அடுத்த ஒரு மீனவக் கிராமத்திலிருந்து தினமும் இராமநாதபுரத்துக்கு வந்து பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கும் 19 வயதுத் திருநங்கை மாணவி ஒருவர் இப்படி எழுதியிருக்கிறார்: “வருகைப்பதிவு எடுக்கும்போது பழைய பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். நான் ‘பிரசென்ட் சார்’ என்றதும் பின்வரிசையிலிருந்து ‘ஒன்பது’ என்று ஒரு குரல் வரும், வகுப்பே சிரிக்கும். கழிவறைக்குப் போகப் பயந்து, காலை ஏழு மணிக்குப் பேருந்து ஏறினால் மாலை வீடு திரும்பும்வரை தண்ணீர் குடிப்பதில்லை. அம்மா கடலில் பாசி எடுக்கப் போகிறவர். அவருக்கு என்னைப் பற்றித் தெரியும். அப்பாவுக்குத் தெரியாது. படிப்பை நிறுத்திவிட்டு மதுரைக்குப் போய்விடலாமா?”

போக வேண்டாம். மதுரையில் உங்களை மகளாக ஏற்று அரவணைக்கும் மூத்த திருநங்கையர் இருப்பார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் கல்லூரி மாணவர்களுக்கு ஆலோசனை சொல்லும் பணியில் நான் சந்தித்த அத்தகைய மூத்தோர் பலரும், தங்களிடம் வந்து சேரும் இளையவர்களிடம் ‘பட்டத்தை வாங்கிக்கொண்டு வந்திருக்கக் கூடாதா’ என்றுதான் கேட்கிறார்கள். இன்னும் பாதி வழிதான் இருக்கிறது. அந்தப் பாதியை நிம்மதியோடு கடப்பதற்கு என்னென்ன செய்யலாம் என்பதையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் தண்ணீர். நம் கடற்கரை வெயிலில் ஒன்பது, பத்து மணி நேரம் தண்ணீர் குடிக்காமலும் சிறுநீரை அடக்கியும் இருப்பது சிறுநீர்த் தொற்றுக்கும், நாளடைவில் சிறுநீரகக் கல்லுக்கும் வழி வகுக்கும். எனவே மற்ற எல்லாவற்றுக்கும் முன்பாகக் கழிவறைச் சிக்கலைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கான கழிவறையோ ஆசிரியர் அறைக்குப் பக்கத்தில் தாழ்ப்பாள் சரியாக உள்ள ஒரு கழிவறையோ உங்கள் பயன்பாட்டுக்குக் கிடைக்கும்படி கேளுங்கள். இது நிரந்தரத் தீர்வு அன்று. பெண்கள் கழிவறையைப் பயன்படுத்தத் தோழியர் துணை அமையும்வரைக்குமான ஏற்பாடு. இதை முதல்வரிடம் கேட்பதைவிட, சாவி யாருடைய பொறுப்பில் இருக்கிறதோ அவரிடம் உங்கள் துறைப் பேராசிரியர் ஒருவர் மூலம் கேட்டால் அன்றைக்கே காரியம் முடியும் என்பது என் அனுபவம்.

அந்தப் பேராசிரியர் யார் என்பதில்தான் உங்கள் கல்லூரி வாழ்க்கையின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது. கல்லூரி முழுவதும் ஒரே நாளில் உங்களை ஏற்றுக்கொள்ளாது. அதை எதிர்பார்த்துக் காத்திருந்தால் மனம் உடையும். ஓர் ஆசிரியர், இரண்டு தோழியர் என்று தொடங்கினால் போதும். பாடத்தில் சந்தேகம் கேட்கும்போது முகம் பார்த்துப் பேசுகிறவர், வகுப்பில் சாதியையோ உடலையோ வைத்துக் கேலி செய்யாதவர் யாரென்று உங்களுக்கே தெரிந்திருக்கும். அவரைத் தனியாகச் சந்தித்து, “ஐயா, வகுப்பில் என்னை இந்தப் பெயரால் கூப்பிட வேண்டுகிறேன். பழைய பெயர் சொல்லப்படும்போது எழும் சிரிப்பால் நான் வகுப்புக்கு வரவே அஞ்சுகிறேன்” என்று இரண்டே வாக்கியங்களில் சொல்லுங்கள். உங்கள் உடலைப் பற்றியோ சிகிச்சையைப் பற்றியோ எந்த விளக்கமும் தர வேண்டியதில்லை. அவர் கேட்டாலும் ‘அது என் தனிப்பட்ட விஷயம் ஐயா’ என்று பணிவாக நிறுத்திக்கொள்ளலாம். பதிவேட்டில் அச்சான பெயர் மாறுவதற்கு அலுவலக நடைமுறை வேண்டும். வாயால் கூப்பிடும் பெயர் மாறுவதற்கு ஆசிரியரின் மனம் இருந்தால் போதும், வரிசை எண்ணைச் சொல்லி வருகை எடுத்தாலும் சரிதான். ஒரு வகுப்பில் ஆசிரியர் உங்கள் பெயரை இயல்பான குரலில், ஒரு கணமும் தயங்காமல் சொல்லத் தொடங்கிவிட்டால், சில வாரங்களில் மாணவர்களும் அதே பெயரைச் சொல்லத் தொடங்குவதை நான் கண்டிருக்கிறேன். ஆசிரியரின் தயக்கத்தைப் பார்த்துத்தான் பின்வரிசைக்குத் துணிச்சல் வருகிறது.

அதையும் மீறி அந்தக் குரல் தொடர்ந்தால், அது வெறும் கேலி அன்று. பல்கலைக்கழக மானியக் குழு தன் ராகிங் தடுப்பு விதிகளில் 2016-இல் செய்த திருத்தத்தின்படி, திருநர் என்பதற்காக ஒரு மாணவரை உடலாலோ மனத்தாலோ துன்புறுத்துவதும் ஒதுக்கிவைப்பதும் ராகிங் ஆகும். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு மட்டுமல்லாமல் எந்த ஆண்டில் படிப்பவருக்கும் இது பொருந்தும். கல்லூரியின் ராகிங் தடுப்புக் குழுவுக்கு எழுதிக் கொடுங்கள். அங்கே தயக்கம் காட்டினால் 1800-180-5522 என்ற தேசிய உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யலாம். யாராவது உடலில் கைவைத்தாலோ மிரட்டினாலோ படிப்படியாகப் போக வேண்டிய அவசியமில்லை, அன்றே முதல்வரிடமும் காவல் நிலையத்திலும் எழுத்தில் கொடுத்துவிட வேண்டும்.

முதல்வருக்குத் தரும் கடிதத்தில் கோபமோ கெஞ்சலோ வேண்டாம். அரசு அங்கீகாரம் பெற்ற கல்வி நிலையங்கள் திருநர்களுக்குப் பாகுபாடின்றிக் கல்வியும் விளையாட்டு, பொழுதுபோக்கு வாய்ப்புகளும் தர வேண்டும் என்று 2019-ஆம் ஆண்டுத் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு கூறுகிறது; குறைகளைக் கேட்க ஒரு புகார் அலுவலர் வேண்டும் என்கிறது 11-ஆம் பிரிவு. இவ்விரண்டையும் குறிப்பிட்டு, அழைக்கும் பெயர், கழிவறை, கேலியைத் தடுத்தல் என்று மூன்றே கோரிக்கைகளை எழுதி, நகலில் தேதியிட்ட முத்திரை பெற்றுக்கொள்ளுங்கள். முத்திரை இல்லாத கடிதம் மேசை இழுப்பறையோடு போய்விடும்.

அடுத்தது சான்றிதழ். திருநர் அடையாளச் சான்றிதழை மாவட்ட ஆட்சியர் வழங்குகிறார். பட்டணம்காத்தானில் உள்ள ஆட்சியர் அலுவலக வளாகத்தில் மாவட்டச் சமூக நல அலுவலகத்தை அணுகி, நடப்பில் உள்ள விண்ணப்ப முறையைக் கேட்டறியுங்கள். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனுவாகக் கொடுத்தால் அதற்கு ஒரு பதிவு எண் கிடைக்கும். விண்ணப்பத்தில் அப்பாவின் கைபேசி எண்ணைக் கொடுக்காமல் உங்கள் எண்ணையே கொடுங்கள். அப்பாவுக்குச் செய்தி அலுவலகத்துக் குறுஞ்செய்தியாகப் போய்ச் சேரக் கூடாது. அங்கேயே திருநங்கையர் நல வாரிய அட்டையைப் பற்றியும் கேளுங்கள். உயர்கல்வி பயிலும் திருநர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் உள்ளிட்ட செலவுகளை அரசே ஏற்கும் என்று தமிழ்நாடு அரசு 2024-25 நிதிநிலை அறிக்கையில் அறிவித்திருக்கிறது. உங்கள் வீட்டு நிலையில் அது சிறிய தொகை அன்று.

அப்பாவிடம் எப்போது சொல்வது என்று நீங்கள் கேட்கவில்லை; ஆனாலும் கடிதம் முழுவதும் அந்தக் கேள்வி ஓடுகிறது. ஏப்ரல் 15 தமிழ்நாட்டில் திருநங்கையர் தினம். உங்களைத் திருநர் என்று அறிவித்துக்கொள்ளும் உரிமை உங்களுக்கே உரியது என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் தீர்ப்பளித்ததும் அதே தேதியில்தான். நம் கரையில் அந்த நாளுக்கு இன்னொரு பொருளும் உண்டு: 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் அன்றுதான் தொடங்குகிறது. படகு கரையில் நிற்க, கையில் காசில்லாமல், கடன்காரருக்குப் பதில் சொல்லிக்கொண்டு அப்பா நாள் முழுவதும் வீட்டில் இருக்கும் அந்த இரண்டு மாதங்களில் இந்தப் பேச்சை எடுக்க வேண்டாம் என்பதே என் ஆலோசனை. அவர் தொழிலுக்குப் போய்வந்து மனம் அமைதியாக இருக்கும் காலத்தில், முதல் வார்த்தையை அம்மா சொல்லட்டும். கடலுக்குள் மூச்சடக்கிப் பாறையில் பாசி பறித்து வந்து குடும்பத்தைத் தாங்கும் பெண்ணின் சொல்லுக்கு அந்த வீட்டில் கனம் இருக்கும். வீட்டை விட்டு வெளியேற்றுவார் என்ற அச்சம் உங்களுக்கு உண்மையாகவே இருந்தால், பட்டம் கைக்கு வரும்வரை சொல்லாமல் இருப்பதும் தவறில்லை. அது ஏமாற்று வேலை அன்று, தற்காப்பு.

தனிமை தாங்க முடியாமல் போகும் இரவுகளில் 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணை அழையுங்கள்; தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. பகலில், நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேர்ந்து பாருங்கள். கடற்கரையில் பிளாஸ்டிக் பொறுக்கும்போதும் முகாமில் ஒன்றாகச் சமைக்கும்போதும் உருவாகும் நட்பு, வகுப்பறை பெஞ்சில் உருவாவதில்லை. இந்த மாவட்டத்துப் பரமக்குடியில் பிறந்த சத்யஸ்ரீ ஷர்மிளா, 2018-இல் வழக்கறிஞராகப் பதிவு செய்து, இந்தியாவின் முதல் திருநங்கை வழக்கறிஞர் என்று அறியப்பட்டார் என்பதையும் உங்கள் தோழியருக்குச் சொல்லுங்கள். அவர்களில் பலருக்குத் தெரிந்திருக்காது.

பெயர் மாற்றத்தில் ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். சான்றிதழ் கிடைத்ததும் அரசிதழில் பெயர் மாற்றத்தை வெளியிட்டு, அந்த நகலோடு முதல்வர் வழியாகப் பல்கலைக்கழகத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு விண்ணப்பியுங்கள். இறுதிப் பருவத் தேர்வுக் கட்டணம் கட்டுவதற்கு முன் இது முடிந்துவிட்டால் பட்டச் சான்றிதழ் உங்கள் பெயரிலேயே அச்சாகி வரும். பிறகு மாற்றுவதென்றால் பல்கலைக்கழகம் இருக்கும் காரைக்குடிக்கும் கல்லூரிக்குமாகப் பல நாள் அலைய நேரும். பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் பழைய பெயரே இருக்கும் என்பதால், அரசிதழ் நகலில் நான்கைந்து பிரதிகள் எடுத்து, ஒன்றை அம்மாவிடமும் கொடுத்து வையுங்கள்.