ஒப்பந்தம் முடிந்த பிறகும் சப்போர்ட் தர வேண்டுமா? கேள்வி பதில்

கேள்வி: மென்பொருள் பராமரிப்பு ஒப்பந்தம் முடிந்துவிட்டது. மென்பொருளை இன்னும் பயன்படுத்துகிறோம். கோளாறு வந்தால் சரிசெய்து தர வேண்டாமா?

பதில்: வேண்டியதில்லை. லைசென்ஸ் வேறு, சப்போர்ட் வேறு. விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலில் சப்போர்ட் நின்றது. 2017 மே மாதம் கணினிக் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை என்ற தீநிரல் தாக்கியபோது மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பிக்கும் பேட்ச் (ஓட்டையை அடைக்கும் திருத்தம்) கொடுத்தது. அது அவர்களாக எடுத்த முடிவு, கடமை அல்ல.

கேள்வி: ஒப்பந்த முடிவு தேதிக்கு முன்பே டிக்கெட் (புகார்ப் பதிவு) போட்டோம். தேதி தாண்டியதும் "ஒப்பந்தம் இல்லை" என்று மூடிவிட்டார்கள்.

பதில்: இங்கேதான் பலர் சும்மா விட்டுவிடுகிறார்கள். ஒப்பந்தம் முடிந்தால் இனி எழப்போகும் கடமைகள்தான் நிற்கும். ஏற்கெனவே எழுந்த உரிமை பொதுவாக அழியாது. எட்டு மணி நேரத்தில் பதில் தருவதாக எழுதிக்கொடுத்து, அந்தக் கெடு ஒப்பந்தக் காலத்திலேயே தவறியிருந்தால் மீறல் அப்போதே நடந்துவிட்டது. நஷ்டஈடு கேட்கலாம். ஆனால் தேதிக்குப் பிறகும் வேலையை முடித்துத் தர வேண்டுமா என்பது வாசகத்தைப் பொறுத்தது. "காலத்துக்குள் பதிவான புகார்கள் தீரும்வரை" என்று இருந்தால் உங்கள் பக்கம் பலம். "காலம் முடியும்வரை சேவை" என்று மட்டும் இருந்தால் கஷ்டம். டிக்கெட் எண்ணும் நேரமும் உள்ள மின்னஞ்சலை உங்களிடம் எடுத்து வையுங்கள். போர்ட்டல் லாகின் அன்றைக்கே அடைபடலாம்.

கேள்வி: "இயல்பால் தொடர வேண்டிய பிரிவுகள் தொடரும்" என்று எங்கள் ஒப்பந்தத்தில் இருக்கிறது. சப்போர்ட்டும் அதில் வருமே?

பதில்: வராது. ரகசியம் காப்பது, பாக்கிப் பணம், தகராறு தீர்க்கும் முறை, இவைதான் அந்த வகை. 1942இல் ஹேமன் எதிர் டார்வின்ஸ் வழக்கில் அப்போது பிரிட்டனின் மிக உயர்ந்த நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை, ஒப்பந்தம் முறிந்தாலும் நடுவர் மன்றப் பிரிவு (தகராறை நடுவரிடம் விடும் பிரிவு) நிற்கும் என்றது. சப்போர்ட் காலக்கணக்கில் விற்கும் சேவை.

அவரே மீண்டும்: முழு ஆண்டுக்கும் பணம் கட்டியிருக்கிறோம். பாதியில் அவர்களே ரத்து செய்தால்கூடவா?

பதில்: இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! காலம் முடிவது வேறு, முறிப்பது வேறு. ரத்துப் பிரிவைப் படியுங்கள். அது இடம் தராமல் முறித்திருந்தால் மீதிக் காலத்துப் பணத்தோடு, வேறு ஆளை வைத்த கூடுதல் செலவையும் கேளுங்கள். வேலையைச் செய்தே தீர வேண்டும் என்று உத்தரவு வாங்குவது அரிது.

கேள்வி: பராமரிப்பு ஒப்பந்தம் முடிந்தால் வாரண்டியும் போகுமா?

பதில்: அதற்குத் தனிக் காலம். விற்பனை ஒப்பந்தத்தைப் பாருங்கள்.

கேள்வி: ஒப்பந்தம் முடிந்தது, சப்போர்ட் உண்டா?

பதில்: முதல் பதில். தயவுசெய்து படித்துவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: எங்கள் தரவு அவர்கள் சர்வரில் இருக்கிறது.

பதில்: வெளியேறும்போது உதவும் பிரிவு இருக்கிறதா, எத்தனை நாள், எந்த வடிவில் தருவார்கள் என்று பாருங்கள். இல்லையென்றால் ஒப்பந்தம் உயிரோடிருக்கும்போதே முழுப் பிரதி இறக்கி, திறந்து சரிபார்த்துவிடுங்கள்.