தம்பிக்கு 4 வருடம், கூட்டாளிக்கு 18 மாதம்

ஒரே கடை உடைப்பில் சிக்கிய கூட்டாளி 18 மாதத்தில் வெளியே வருவான், என் தம்பிக்கு மட்டும் ஏன் 4 வருடம் என்று கேட்டிருக்கிறீர்கள். கோபம் புரிகிறது. ஆனால் இடைவெளி பெரிது என்பது மட்டும் மேல்முறையீட்டில் எடுபடாது.

ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 1984-இல் லோ வழக்கில் வைத்த அளவுகோல் உதவும்: இந்த வித்தியாசத்தால் கூடுதல் தண்டனை பெற்றவருக்கு நியாயமான மனக்குறை எழுமா? 'நியாயமான' என்ற சொல்தான் முக்கியம். உங்கள் வீட்டுக்கு மட்டும் உறுத்தினால் போதாது, வெளியாள் நிதானமாகப் பார்த்தாலும் உறுத்த வேண்டும்.

அதனால் முதலில் இருவரின் தீர்ப்பு நகலையும் வாங்குங்கள். கூட்டாளி சீக்கிரமே குற்றத்தை ஒப்புக்கொண்டானா? திட்டம் போட்டது யார்? தம்பிமேல் பழைய வழக்கு உண்டா? பெரும்பாலும் வித்தியாசம் இங்கேதான் ஒளிந்திருக்கும். காரணமே எழுதாமல் இவ்வளவு இடைவெளி என்றால், சரி, அதைப் பிடித்துக்கொள்ளலாம்.

இன்னொன்று: கூட்டாளியின் தண்டனையே தவறாகக் குறைந்துபோனது என்று நீதிபதிகள் நினைத்தால், தம்பிக்கும் அந்த அளவுக்கு இறங்கி வரத் தயங்குவார்கள். மேல்முறையீட்டுக் கெடு குறுகியது. நாளைக்கே வக்கீலைப் பாருங்கள்.