சிரித்துவிட்டால் கோபம் ஆறிவிடாதா?

அன்புள்ள அண்ணன்,

போன மாதம் வியாசர்பாடியில் ஒரு கானா கச்சேரி கேட்டேன். சாக்கடை, வீட்டை இடிக்கிறது, சாதி என்று ஒன்று விடாமல் கலாய்த்துப் பாடினார்கள். கூட்டம் விசிலடித்துச் சிரித்தது, பிரியாணி சாப்பிட்டுக் கலைந்தது. எனக்கு எரிச்சல்தான் மிச்சம். இப்படிச் சிரித்துவிட்டால் கோபம் ஆறிவிடாதா? நேராகவே திட்டினால் என்ன?

கே., தண்டையார்பேட்டை

அன்புள்ள கே.,

சில நேரம் ஆறத்தான் செய்யும். ஆனால் பிரியாணியைக் குறை சொல்லாதீர்கள்.

கொருக்குப்பேட்டையில் என் பெரியப்பா செத்தபோது விடிய விடிய கானா. பெரியப்பா காலமெல்லாம் தண்ணி லாரிக்குக் குடத்தோடு நின்றவர். பாடியவருக்கு அது தெரியும். "எல்லா லைன்லயும் கடைசியா நின்ன மனுசா, இந்த லைன்ல மட்டும் ஏன்யா முந்திக்கின?" என்று இழுத்தார். பெரியம்மாவே சிரித்துவிட்டார், அப்புறம்தான் அவருக்குப் பெரிதாக அழுகை வந்தது. லாரி ஏன் வரவில்லை என்று அந்த வரியில் ஒரு சொல் கிடையாது. அதே மாதம் தண்ணீருக்காகத் தெருமுனையில் ஒரு கூட்டம் நடந்தது, நேராகத்தான் திட்டினார்கள். யார் என்ன பேசினார்கள் என்பது மறந்துபோச்சு. இந்த வரி மறக்கவில்லை.

நேராகத் திட்டுவதற்கும் நம் மரபில் இடம் உண்டு. தொல்காப்பியம் அதைச் செம்பொருள் அங்கதம் என்கிறது. மறைத்துச் சொன்னால் பழிகரப்பு. இந்த இரண்டாவதில் ஔவையார் கில்லாடி. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போனவர், அவனுடைய ஆயுதங்களைப் பார்த்துவிட்டு, உன் வேலெல்லாம் மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசி மாளிகையில் இருக்கின்றன, எங்கள் அரசனுடையவையோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார் (புறநானூறு 95). தொண்டைமான் எதற்கென்று கோபிப்பான்? கோபித்தால் தன் வேல் போரைப் பார்த்ததில்லை என்று அவனே ஒத்துக்கொண்டதாகிவிடும்.

நம்ம பக்கத்துக்கே வருகிறேன். பொறம்போக்கு என்பது நிலக் கணக்குச் சொல். ஆறு, ஏரி, மேய்ச்சல் நிலம் என்று தனியாருக்கு எழுதப்படாமல் ஊருக்குப் பொதுவாக விடப்பட்டது. ஊருக்கே சொந்தம் என்பது எப்படியோ தெருவில் வசவாகிவிட்டது. 2017இல் கர்நாடக சங்கீதப் பாடகர் டி.எம். கிருஷ்ணா அந்த வசவையே எடுத்து, எண்ணூர் கழிமுகத்தில் உட்கார்ந்து, சபாவில் பாடுகிற அதே தோரணையோடு ராகமாலிகையாகப் பாடினார். வரிகள் கபேர் வாசுகியுடையவை. அந்தச் சொல் அந்த ராகத்தில் வந்து உட்காரும்போது முதலில் சிரிப்புதான் வருகிறது. அடுத்த வருடம் ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற இசைக்குழு மேடை ஏறியது. சாவு வீட்டுப் பாட்டு என்று தள்ளிவைத்த கானாவைக் கோட்டு சூட்டு போட்டுப் பாடினார்கள். பாதி நக்கல் அந்த உடுப்பிலேயே இருந்தது.

கானா என்றாலே கலகம் என்று புல்லரிக்கவும் எனக்கு வராது. காதலை மறுத்த பெண்ணைக் கேவலப்படுத்துகிற பாட்டுகளை நீங்களும் கேட்டிருப்பீர்கள். அதற்கும் இதே கூட்டம்தான் விசிலடிக்கிறது. அங்கே உங்கள் எரிச்சலோடு நானும் சேர்ந்துகொள்கிறேன்.

சரி, அடுத்த முறை கூட்டத்தைப் பார்க்காதீர்கள். முன்வரிசையில் சால்வையோடு உட்கார்ந்திருப்பவரைப் பாருங்கள். எங்கள் தெருவில் சாக்கடைப் பாட்டு ஆரம்பித்ததும் ஒருவர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். பாட்டு முடிகிறவரை பேசினார். போன் அடிக்கவே இல்லை.