பாலைவனத்தில் ராத்தங்கல்: எதற்குக் காசு போடலாம், எதற்கு வேண்டாம்?

கேள்வி: எனக்கு மன்னார்குடி பக்கம். ஷார்ஜாவில் வேலை. ரூமில் இருக்கிற ஐந்து பேரும் சேர்ந்து டிசம்பர் லீவில் அபுதாபிப் பக்கத்து லிவா பாலைவனத்துக்குப் போய், மணலிலேயே டென்ட் போட்டு இரண்டு ராத்திரி தங்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். டூர் கம்பெனி சொல்லும் தொகை கட்டுப்படியாகாது போலிருக்கிறது. நாலு சக்கரமும் இழுக்கிற ஃபோர்வீல் வண்டியை வாடகைக்கு எடுத்து, மற்றதை எல்லாம் நாமே வாங்கிவிட்டால் பாதிக் காசு மிச்சம் என்கிறான் நண்பன். என்னென்ன வாங்க வேண்டும், சார்?

பதில்: தம்பி, வாங்குகிற பட்டியலுக்கு முன்னால் வாடகை வண்டியைப் பற்றிப் பேசிவிடுவோம். உங்கள் நண்பர் போட்ட கணக்கில் பெரிய ஓட்டை அங்கேதான் இருக்கிறது.

வாடகைக்கு எடுக்கும்போது கையெழுத்து வாங்குகிற தாளை முழுக்கப் படியுங்கள். தார்ச்சாலையை விட்டு இறங்கினால் இன்சூரன்ஸ் கிடையாது என்ற ஒரு வரி அநேகமாக எல்லா ஒப்பந்தத்திலும் இருக்கும். வண்டி ஃபோர்வீலாக இருந்தாலும் அந்த வரி மாறாது. மணலில் வண்டி சாய்ந்து கதவு நசுங்கினால் முழுச் செலவும் கையெழுத்துப் போட்டவர் தலையில். "சும்மா போங்க பாய், ஒண்ணும் ஆகாது" என்று கவுன்டரில் இருப்பவர் வாயால் சொல்வது செல்லாது. மணலில் ஓட்ட அனுமதி உண்டா, இன்சூரன்ஸ் உண்டா என்ற இரண்டையும் வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் அதுதான் பதில். அமீரகத்தில் போலீஸ் ரிப்போர்ட் இல்லாமல் எந்த கராஜிலும் அடிபட்ட வண்டியைத் தொட மாட்டார்கள் என்பதால், சத்தமில்லாமல் தட்டிச் சரிசெய்து திருப்பிக் கொடுத்துவிடலாம் என்ற யோசனையும் நடக்காது.

அப்படியானால் லிவா வேண்டாமா? தாராளமாகப் போகலாம். தல் மொரீப் என்ற பெரிய மணல்மேட்டின் அடிவாரம் வரை தார்ச்சாலை போகிறது. ஏறக்குறைய 300 மீட்டர் உயரம், பார்க்க வேண்டிய இடம்தான். சாதாரணக் காரிலேயே போய், கெட்டியான தரையில் நிறுத்திவிட்டு, சாமான்களைக் கையில் தூக்கிக்கொண்டு கொஞ்சம் நடந்து டென்ட் போட்டுக்கொள்ளலாம். ஐந்து இளவட்டங்களுக்கு அது ஒரு பாரமா? ஃபோர்வீல் வாடகையும் மிச்சம், வண்டி புதையும் பயமும் இல்லை.

மணலில் ஓட்டித்தான் ஆக வேண்டும் என்றால், ஏற்கெனவே ஓட்டிப் பழகியவர், சொந்த வண்டி வைத்திருப்பவர் ஒருவரோடு போங்கள். குறைந்தது இரண்டு வண்டி வேண்டும். கொள்ளிடத்தில் மாட்டுவண்டி மணலில் இறங்கிவிட்டால் என்ன பாடு என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதேதான் இங்கேயும், தள்ளிவிட ஆள்தான் கிடைக்காது. டயர் காற்றைச் சுமார் 15 முதல் 18 பிஎஸ்ஐ வரை இறக்கினால் டயர் பரந்து மணல்மேல் மிதக்கும். தார்ச்சாலை ஏறியதும் முதல் வேலை மறுபடி காற்றடிப்பது. இறங்கிய காற்றோடு 100 கிலோமீட்டர் வேகத்தில் போனால் டயர் சூடேறி வெடிக்கும்.

அதனால் முதலில் காசு போட வேண்டியது காற்றளவு பார்க்கும் கருவிக்கும் கம்ப்ரசருக்கும். சிகரெட் லைட்டரில் சொருகுகிற சின்ன கம்ப்ரசர் மலிவு. ஆனால் பெரிய டயர் நாலுக்கும் அடித்து முடிப்பதற்குள் சூடேறி நின்றுவிடும், அல்லது ஃப்யூஸ் போகும். பேட்டரியில் நேராகக் கவ்வுகிற வகையாக வாங்குங்கள். அட்டைப்பெட்டியில் எத்தனை நிமிடம் ஓடலாம், எத்தனை நிமிடம் ஆற வேண்டும் என்று போட்டிருக்கும். கடையிலேயே அதைப் பாருங்கள். கயிறு கட்டி இழுக்க நேர்ந்தால், டிரெய்லர் மாட்டுகிற உருண்டைக் கொக்கியில் ஒருபோதும் கட்டாதீர்கள். அது தெறித்து ஆட்கள் செத்திருக்கிறார்கள். வண்டியின் சட்டத்தோடு சேர்ந்த இழுவைக் கொக்கியில்தான் கட்ட வேண்டும்.

புறப்படும் முன் யார் வண்டியாக இருந்தாலும் டயரின் பக்கவாட்டில் டிஓடி என்ற எழுத்துகளுக்குப் பின்னால் கடைசி நாலு எண்ணைப் பாருங்கள். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த டயர். பூ தேயாமல் பளபளவென்று இருந்தாலும் வயதான ரப்பர் வளைகுடா வெயிலில் வெடிப்பு விட்டிருக்கும்.

இப்போது டென்ட். துபாயில் டிராகன் மார்ட் என்ற சந்தையில் கிடைக்கிற நடுத்தர விலை டென்டே போதும். "நாலு பேர்" என்று போட்டிருந்தால் மூன்று பேர் நிம்மதியாகப் படுக்கலாம். ஆகவே உங்களுக்கு இரண்டு வேண்டும். மேல்விரிப்பு தனியாக இருக்கிற இரட்டை அடுக்கு வகையாக எடுங்கள். விடிகாலைப் பனி உள்ளே சொட்டாது. பெட்டியோடு வருகிற கம்பி முளைகள் மணலில் ஒரு காற்றுக்கு நிற்காது, அதற்கென்று தனியாகக் காசு கொடுத்து வேறு முளை வாங்கவும் வேண்டாம். ஐந்து கிலோ அரிசி வந்த காலிப் பைகளைச் சேர்த்து வையுங்கள். பையில் மணலை நிரப்பி, வாயைக் கட்டி, டென்ட் கயிற்றை நடுவில் சுற்றி, ஒரு முழம் ஆழத்தில் குறுக்காகப் புதைத்து மேலே மிதித்துவிடுங்கள். எந்தக் காற்றுக்கும் அசையாது.

டென்டில் மிச்சம் பிடித்த காசைப் படுக்கையில் போடுங்கள். நம் ஊர் மார்கழிக் குளிருக்கு ஒரு சால்வை போதும். லிவாவில் டிசம்பர், ஜனவரி ராத்திரி 10 டிகிரிக்குக் கீழேயும் இறங்கும். ஸ்லீப்பிங் பேக் சீட்டில் கம்ஃபர்ட், லிமிட், எக்ஸ்ட்ரீம் என்று மூன்று வெப்பநிலை போட்டிருப்பார்கள். விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருக்கும் எண்ணை நம்பாதீர்கள். எக்ஸ்ட்ரீம் என்பது உயிர் பிழைத்திருக்கிற அளவு, தூங்குகிற அளவு இல்லை. கம்ஃபர்ட் எண்ணை மட்டும் பார்த்து வாங்குங்கள். அடியில் விரிக்க ஃபோம் மெத்தை கட்டாயம், குளிர் கீழிருந்தும் ஏறும்.

தண்ணீர் ஆளுக்கு நாளைக்கு ஐந்து லிட்டர் கணக்கு வையுங்கள். அடுப்புக்கு மெனக்கெட வேண்டாம், முதல் ராத்திரிக்கு மெஸ்ஸில் சொல்லிப் புளிச்சோறு கட்டிக்கொண்டு போங்கள். காற்றில் அடுப்பைப் பற்றவைக்கப் போராடுவதைவிட அது எவ்வளவோ மேல்.

கறி சுடக் கரி அடுப்பு கொண்டுபோனால், குளிருக்காக அதை டென்டுக்குள் இழுத்து வைக்காதீர்கள். தணல் அணைந்த மாதிரி தெரிந்தாலும் கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டேதான் இருக்கும். நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. தூங்கினவர் எழுந்திருக்க மாட்டார். வளைகுடாவில் ஒவ்வொரு குளிர்காலமும் இப்படி உயிர் போகிறது. இந்தக் கடிதத்தில் மற்றதை மறந்தாலும் இதை ரூமில் ஐந்து பேருக்கும் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள்.

மலைப்பக்கம் போவதாக இருந்தால் வாதி எனும் காட்டாற்றுப் படுகையில் டென்ட் போடக் கூடாது. மழை எங்கோ மலையில் பெய்யும், வெள்ளம் உங்கள் தலைமாட்டில் வரும். மழை நேரத்தில் வாதி ஓரம் கூடினாலே 1000 திர்ஹம் அபராதமும், லைசென்சில் 6 கரும்புள்ளியும். வெள்ளம் ஓடும் வாதிக்குள் வண்டியை விட்டால் 2000 திர்ஹம், 23 கரும்புள்ளி, வண்டி 60 நாள் பறிமுதல். அமீரகத்தில் 2023இல் வந்த விதி இது.

என் யோசனை: முதல் தடவை லிவா வேண்டாம். ஷார்ஜாவிலிருந்து ஒரு மணி நேரத்தில் மிலைஹா இருக்கிறது. மணலும் உண்டு, பாறையில் கடல்வாழ் உயிர்களின் தடம் பதிந்த மலையும் உண்டு. பக்கத்திலுள்ள ஃபாயா தொல்நிலப்பரப்பு 2025இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தது. அகழாய்வு மையத்தைப் பகலில் பார்த்துவிட்டு ஒரு ராத்திரி தங்கிப் பாருங்கள். ஏதாவது மறந்து போனாலும் ஓடிவந்து வாங்கிக்கொள்ளலாம். எது உண்மையில் தேவைப்பட்டது என்று அன்றைக்கே தெரிந்துவிடும். லிவாவுக்கு அதை மட்டும் வாங்கலாம்.

கேள்வி: மகன் மஸ்கட்டில் இருக்கிறான். நண்பர்களோடு வஹீபா மணல்காட்டுக்குப் போவதற்காகச் சிக்னல் இல்லாத இடத்திலும் பேசுகிற சாட்டிலைட் போன் பழசு ஒன்று வாங்கியிருக்கிறான். பொங்கலுக்குத் திருச்சியில் வந்து இறங்குகிறான். போனையும், படம் எடுக்கிற ட்ரோனையும் கொண்டுவருவதாகச் சொல்கிறான். டூட்டி எவ்வளவு கட்ட வேண்டியிருக்கும், ஐயா? – திருத்துறைப்பூண்டியிலிருந்து ஒரு தாயார்

பதில்: அம்மா, இது டூட்டி கட்டித் தீர்கிற விஷயம் இல்லை. இன்றைக்கே மகனுக்குப் போன் போட்டு இரண்டையும் அங்கேயே வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

துரையா, இரிடியம் போன்ற சாட்டிலைட் போன்களை மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் முன் அனுமதி இல்லாமல் இந்தியாவுக்குள் கொண்டுவரக் கூடாது. 2008 மும்பைத் தாக்குதலில் வந்தவர்கள் சாட்டிலைட் போனில் பேசினார்கள். அதன் பிறகு கெடுபிடி இன்னும் அதிகம். விதி தெரியாமல் பையில் வைத்திருந்த வெளிநாட்டுப் பயணிகளையே விமான நிலையத்தில் பிடித்து வழக்குப் போட்டிருக்கிறார்கள். மலையேறுகிறவர்கள் வைத்திருக்கும், சாட்டிலைட் வழியாகச் செய்தி அனுப்புகிற சின்னக் கருவிக்கும் இதே கதிதான். அங்கே கடையில் வெளிப்படையாக விற்கிறார்கள் என்பதால் இங்கே செல்லும் என்று பிள்ளைகள் நினைத்துவிடுகிறார்கள். ட்ரோன் இறக்குமதிக்கும் 2022 பிப்ரவரியிலிருந்து தடை இருக்கிறது.

பவர் பேங்க் கொண்டுவரலாம், கைப்பையில் மட்டும். 100 வாட்-மணிக்குள் இருக்க வேண்டும்; அதாவது சுமார் 27,000 எம்ஏஎச். கேம்ப் அடுப்பின் கேஸ் குப்பியை எந்தப் பையிலும் வைக்கக் கூடாது.

வஹீபாவுக்குச் சாட்டிலைட் போன் இல்லாமலே போகலாம் என்றும் அவனுக்குச் சொல்லுங்கள். பிதிய்யா ஊரில் வண்டியை விட்டால் கேம்ப்காரர்களே வந்து கூட்டிப் போவார்கள். எங்கே தங்குகிறார்கள், எத்தனை மணிக்குத் திரும்புவார்கள் என்பதை ரூமில் இருக்கும் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனால், அந்த நேரம் தாண்டியதும் அவர் போலீஸுக்குச் சொல்லுவார். ஓமனில் அவசர எண் 9999.

கேள்வி: கும்பகோணத்தில் ஒரு ஏஜென்ட் மூலம் குடும்பத்தோடு துபாய் பேக்கேஜ் போனோம். நோட்டீஸில் "பாலைவனக் கூடாரத்தில் ஓர் இரவு" என்று இருந்தது. அங்கே சாயங்காலம் மணலில் வண்டி ஓட்டிக் காட்டி, ஒட்டகத்தில் இரண்டு சுற்று ஏற்றி, சாப்பாடு போட்டு, ஒன்பதரைக்கு ஹோட்டலில் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். கேட்டால், "அது துபாய் கம்பெனி செய்தது, எனக்குச் சம்பந்தமில்லை" என்கிறார் ஏஜென்ட்.

பதில்: சம்பந்தம் உண்டு. உங்களிடம் பணம் வாங்கியவர் அவர், நோட்டீஸ் அடித்தவரும் அவர். துபாய் கம்பெனியோடு அவருக்கு என்ன கணக்கோ, அது அவர் பாடு. உங்கள் ரசீதை எடுத்துப் பாருங்கள். வெளிநாட்டுச் சுற்றுலாப் பேக்கேஜ் விற்பவர் டிசிஎஸ் என்ற வரியை வசூலிக்க வேண்டும். அந்த வரியை அவர் பிடித்திருந்தால், பேக்கேஜை விற்றவர் தான்தான் என்று அவரே வருமான வரித் துறைக்குச் சொல்லிவிட்டார். இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. (அந்தத் தொகையை உங்கள் வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், உங்கள் பேரில் பிடித்த வரியைக் காட்டும் வருமான வரித் துறைப் பதிவில் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள்.)

நோட்டீஸ், ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, அன்று ராத்திரி ஹோட்டலில் இருந்ததற்கான சான்று ஆகியவற்றைச் சேர்த்து, பதினைந்து நாள் தவணை கொடுத்து ஏஜென்டுக்கு ஸ்பீட் போஸ்டில் கடிதம் போடுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் பதியுங்கள். பல ஏஜென்ட்டுகள் அந்தக் கட்டத்திலேயே பேச வந்துவிடுவார்கள். வரவில்லையென்றால் தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், கொடுத்த தொகை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தாக வேண்டும் என்பதும் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

முழுப் பேக்கேஜ் பணத்தையும் திருப்பிக் கேட்காதீர்கள். விமானத்தில் போனீர்கள், ஹோட்டலில் தங்கினீர்கள், ஊர் பார்த்தீர்கள். அந்த ஓர் இரவுக்கான தொகை, அலைக்கழித்ததற்கு ஒரு நியாயமான இழப்பீடு, வழக்குச் செலவு என்று கேட்டால் உங்கள் மனு கெட்டியாக நிற்கும்.

கேள்வி: குவைத்திலிருந்து வந்த தம்பி விட்டுவிட்டுப் போன டென்ட் வீட்டில் சும்மா கிடக்கிறது. நம் ஊரில் பயன்படுமா? – வேதாரண்யம் வாசகர்

பதில்: தையிலிருந்து ஆனி வரை பயன்படும். ஐப்பசி, கார்த்திகைக்கு ஆகாது. மேல்விரிப்பின் ஓரத்தில் தைத்திருக்கும் துணிச்சீட்டில் 1500 எம்எம், 3000 எம்எம் என்று ஓர் எண் இருக்கும், தண்ணீர் தாங்கும் அளவு அது. பாலைவனத்துக்கென்று விற்பதில் பல 1500க்கும் கீழே. நம் அடைமழைக்கு 3000 வேண்டும். ஜிப்பில் ஏறியிருக்கும் மணலை ஈர பிரஷ்ஷால் எடுத்துவிட்டு மெழுகு தேய்த்தால் பல் தேயாது. நன்றாகக் காயவைத்து மடியுங்கள், நம் கடலோரக் காற்றில் ஈரத்தோடு வைத்தால் ஒரே மாதத்தில் பூஞ்சணம் பிடித்துவிடும். கோடியக்கரைப் பக்கம் கொண்டுபோகிற எண்ணம் இருந்தால் அது சரணாலயம், வனத்துறை அனுமதி இல்லாமல் டென்ட் போடக் கூடாது.